அருவிச் சத்தத்துக்குள்ளே

"கொப்பாவிட்டச் சொல்லு பிள்ளை, கல்லு வழுக்கும், காலைப் பார்த்து வைக்கச் சொல்லி."

தங்கேஸ்வரி இதை மகள் தனுஷிகாவிடம்தான் சொன்னாள். கணவர் குலசிங்கமோ கைக்கெட்டும் தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தார்.

"கேட்டது எண்டு கொம்மாவிட்டச் சொல்லு," என்றார் அவர்.

கடற்கரைக் கிராமமான சல்லியில் அவர்கள் வீட்டிலும் இதே கூத்துத்தான். தனுஷிகாவின் கலியாணத்தைப் பதிவு செய்த எழுத்தன்று குலசிங்கம் கடலிலிருந்து பிந்தி வந்தார். சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க, "நீங்களும் ஒரு தகப்பனோ?" என்று கேட்டுவிட்டாள் தங்கேஸ்வரி. நடுக்கடலில் பழுதாகி நின்ற யாரோ ஒருவரின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்ததால்தான் பிந்தியது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றோடு இருவருக்கும் கதை பேச்சு இல்லை.

பிழை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வாய் திறந்து தோற்பது யார்? சமைக்கும்போது குசினி யன்னலைச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியே அவரைப் பார்த்து முணுமுணுத்துத் திட்டித் தீர்ப்பாள். அந்த மனுசனும் நிழலை விட்டுவிட்டு, யன்னலுக்கு நேரே வெயிலில் இருந்துதான் கிழிந்த வலை பொத்துவார்.

அடுத்த கிழமை தனுஷிகா புருஷனிடம் கனடாவுக்குப் போகிறாள். பிறகு நடுவில் நின்று சொல்ல ஆளில்லை. வீடே ஊமையாகிவிடும் என்று தங்கேஸ்வரி பயந்தாள். போகமுன் மழைக்காட்டு நீர்வீழ்ச்சி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று மகள் வாடகைக்கு வான் பிடித்தபோதுதான் வழி தெரிந்தது. அதற்குக் கிட்ட நின்று கத்தினாலும் கேட்காதாம். மன்னிப்பையும் கேட்டுவிடலாம், மானமும் போகாது.

ஏற்றத்தில் முழங்கால் நொந்தது. அட்டை கடித்தது. திரும்பிவிடுவோம் என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஏலாது. அருவிக்குக் கிட்டப் போகாமல் நான் திரும்பமாட்டன்."

போனாள். பாறையே அதிர்ந்துகொண்டிருந்தது. மகள் ஏதோ சொன்னாள். வாய் அசைந்ததே தவிர ஒரு சொல்லும் கேட்கவில்லை. தங்கேஸ்வரி நேரே கணவருக்கு முன்னால் போய் நின்றாள். முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் சொன்னதாகும்.

"அண்டைக்கு நான் கேட்டது பெரிய பிழை. நீங்கள் கதைக்காத வீட்டில எனக்கு இருக்க ஏலாமல் கிடக்கு."

சொல்லும்போதே அழுகை வந்தது. நல்லவேளை, முகமெல்லாம் சாரல். குலசிங்கம் அவளையே பார்த்தபடி நின்றார். ஒன்றும் கேட்டிருக்காது என்று அவளுக்கு நிம்மதி. ஏனோ கொஞ்சம் கவலையும்.

இறங்கி வர வர இரைச்சல் குறைந்தது. துவாயை மகளிடம் நீட்டினாள். "கொப்பாவிட்டக் குடு, தலையைத் துடைக்கட்டும்."

குலசிங்கம் குறுக்கே கையை நீட்டி அவளிடமிருந்தே துவாயை வாங்கினார்.

"இஞ்சேரப்பா, கடலில வள்ளத்து எஞ்சின் சத்தத்துக்குள்ள நாங்கள் வாயசைவைப் பார்த்துத்தான் கதைக்கிறனாங்கள். குசினி யன்னலுக்கு அங்கால நிண்டு நீ திட்டினது முழுக்க எனக்குத் தெரியும். இண்டைக்குச் சொன்னதை எப்ப சொல்லுவாய் எண்டுதான் இவ்வளவு நாளும் வெயிலில இருந்தனான்."