பூவெடுக்க வருவியா

"இந்தப் பாட்டை மொதமொதல்ல பாடுனது இந்தம்மாதான்!" என்று சேவியர் மைக்கில் அறிவித்ததும் ஆனந்தி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண வரவேற்பு. சேவியர் கீபோர்டு, ஆனந்தி பாட்டு. மணமகளின் அப்பா, நிலக்கோட்டையில் தன் பக்கத்து வீட்டுக்காரரான லூர்தம்மாளைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். ஒரு காலத்தில் கச்சேரிக் குழுவில் பாடியவராம்.

சில வருடங்களுக்கு முன், அப்பாவின் ஆட்டோவில் கிடந்த, அட்டை கிழிந்த கேசட்டில்தான் ஆனந்தி அந்தப் பாட்டைக் கேட்டாள். ஏதோ ஒரு பெண்குரல். நாடா தேய்ந்திருந்தது.

'பூவெடுக்க கனி வருவியா' என்றுதான் காதில் விழுந்தது.

பூவெடுக்கப் போகிற இடத்தில் கனி எதற்கு? 'இனி' என்று மாற்றிப் பாடி யூடியூபில் போட்டாள்.

அது காதல் பாட்டாகிவிட்டது.

மதுரையில் ஒருவர் அதைப் பறையோடு பாடினார். மலேசியாவில் ஒரு பெண் வயலின் வைத்து, இழுத்து நிறுத்திப் பாடினாள். கல்லூரிப் பையன்கள் வேகம் கூட்டி ஆடினார்கள். எல்லோரும் ஆனந்தியைக் கேட்டுத்தான் பாடினார்கள். எல்லோரும் 'இனி' என்றே பாடினார்கள்.

கேசட்டில் பாடியது யார் என்று ஆனந்தி தேடவில்லை.

தேடியிருக்கலாம்.

லூர்தம்மாள் மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குரல் கரகரத்தது, சுருதி மட்டும் விலகவில்லை. கூட்டம் கைதட்டியது. பல்லவிக்கு வந்தார்.

'கனி' என்றார்.

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. வயதாகிவிட்டது, வரி மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். யாரோ, 'இனி, இனி' என்று எடுத்துக்கொடுத்தார்கள்.

ஆனந்தி அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளோ தன் மைக்கை உயர்த்தி, லூர்தம்மாளின் குரலுக்கு மேல் 'இனி' என்று பாடினாள். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது முழு உண்மையில்லை.

லூர்தம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்தமுறை பல்லவி வந்தபோது அவரும் 'இனி' என்று பாடினார். மண்டபமே சேர்ந்துகொண்டது.

கைதட்டல் அடங்கும் முன் ஆனந்தி அவர் காதருகே குனிந்தாள். "நீங்க பாடுனதுதாம்மா சரி. நாந்தான் மாத்திட்டேன். பூவெடுக்கப் போற எடத்துல கனி எதுக்குன்னு..."

"கனி எம் மக பேரு தாயி," என்றார் லூர்தம்மாள். "பூவெடுக்க வரலைன்னு வஞ்சேன். வீட்டை விட்டுப் போனவ இன்னும் திரும்பலை. எந்த ஊருல இருந்தாலும் காதுல விழுந்தா வந்துருவான்னுதான் பேரை வச்சுப் பாடுனேன்."

குரலில் கோபமே இல்லை. பாட்டு மலேசியா வரைக்கும் போயிருக்காமே, என்று மட்டும் கேட்டார்.

ஆனந்தி தலையாட்டினாள்.

கீழே 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினார்கள். விசிலடித்தார்கள். சேவியர் அதற்குள் கீபோர்டில் கைவைத்துவிட்டார்.

ஆனந்தி பாடினாள். பல்லவி வந்ததும், கழுத்து நரம்பு புடைக்க, 'கனி' என்றாள்.

மண்டபம் முழுக்க 'இனி' என்றது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.