முதல் விசாரிப்பு

“14.10.2008. சிறு பிழை: நம் தையல் கடைப் படத்தில் புவனேஸ்வரி அக்காவின் முகத்தை வெட்டாமல் ஆர்குட்டில் ஏற்றிவிட்டேன்.”

கணினி வகுப்பில் இதை நோட்டில் எழுதிவிட்டு, கடையில் உதவிக்கு இருக்கும் ஆஷிக் கவரைப்பேட்டைக் கடைக்கு ஓடினான்.

“ஃபேஸ்புக் வேணாம், நம்ம பக்கத்து ஆளுங்க ஆர்குட்லதான் கீறாங்கன்னேன்ல? அதுக்குள்ள ஒருத்தர் விசாரிச்சிட்டாரு, அக்கா!”

“இன்னா கேட்டாரு?” அக்கா தைத்துக்கொண்டே கேட்டாள்.

“கடை எங்க, இந்தம்மாதான் தைக்கிறாங்களான்னு. எல்லாம் சொல்லிட்டேன். காலைல தொறக்கும்போதே வராராம். பேரு திருமலையாம், ஊரு ஆர்.கே.பேட்டையாம்.”

தையல் மிஷின் நின்றது. அக்கா எழுந்துபோய் ஷட்டரை இழுத்து மூடினாள்.

“எம் புருசன்டா அவன். எம்மேல கெரசின் ஊத்துனவன். அவனுக்குப் பயந்துதான் இங்க ஒளிஞ்சிகினு கீறேன்.”

ஆஷிக் நோட்டைத் திறந்து ‘சிறு’ என்பதை அடித்தான். கீழே எழுதினான்: “நாளை: கடை திறக்கும் முன், முதல் ரயிலில் அக்காவை ஏற்றிவிட வேண்டும்.”