வாசல் முனி

மனசு சுத்தமானவர்களுக்கு மட்டும் வழிவிடும் முனியை இப்போது ஃபிளாட் கதவிலேயே பொருத்தித் தருகிறார்கள். திலகா அதற்கு வெள்ளிதோறும் எலுமிச்சம்பழம் வைப்பாள்.

அன்று மாலை கணவன் குமரவேல் வந்து நின்றதும் முனியின் கண் கதவின் இருபுறமும் சிவந்தது. கதவு திறக்கவில்லை. திலகாவே திறந்து வெளியே வந்தாள்.

"யாரைப் பாத்துட்டு வர்றீங்க?"

"லீவுக்காக மேனேஜர்கிட்ட ஒரு பொய் சொன்னேன்டி. வேற ஒண்ணுமில்ல."

அவன் போனைப் பிடுங்கிக் குடைந்தாள். எதுவும் சிக்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?"

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. திரும்பினாள். முனியின் கண் அவளைப் பார்த்தும் சிவந்தது.

"இனியா, அம்மாடா. கதவைத் திற."

உள்ளிருந்து ஐந்து வயது மகளின் குரல் மட்டும் வந்தது.

"செவப்பு எரிஞ்சா யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"