முதலில் வரும் பெயர்

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரின் தேடும் பெட்டியில் 'தெ' என்று அடித்தாலே, ஆடியில் இறந்துபோன நான்கு வயது தென்றலின் பெயர்தான் முதலில் வந்து நின்றது. நேற்று யாரோ அவசரத்தில் அதையே அழுத்தி, அவளுடைய மருந்தைத் தெய்வானை என்ற நோயாளிக்கு ஏற்றப் பார்த்தார்கள்.

"அந்தப் பேரைக் கீழ இறக்குங்க மேடம்," என்று நர்ஸ் எஸ்தர் வந்து நின்றாள்.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கோமளா பதிவுகளைத் தோண்டிப் பார்த்தாள். அடிக்கடி திறக்கிற பெயர் மேலே ஏறும். அது கோமளாவே செய்த ஏற்பாடுதான். தென்றலின் பக்கத்தைத் தினமும் பத்துத் தடவையாவது யாரோ திறந்திருந்தார்கள். எல்லாமே எஸ்தரின் லாகினில்.

கோமளா எஸ்தரை நிமிர்ந்து பார்த்தாள். "இறக்கிடட்டுமா சிஸ்டர்?"

"இறக்கிடுங்க," என்றாள் எஸ்தர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருங்க. ஒரே ஒரு தடவை திறந்து பாத்துக்கறேன்."