குடும்ப வியாதி

"இவ அக்காவும் இதுலதான் போனா மேடம். இவங்க குடும்பத்துலயே இருக்குது."

டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே சகாதேவன் முந்திக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பேச்சுக்குத் தலை குனிந்து அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

கீழ்பென்னாத்தூர் முகாமில் எடுத்த பரிசோதனையில் அவளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி இருப்பதாக வந்தது. பிறகு திருவண்ணாமலைக்கு வந்து, இந்த டாக்டரிடம் கர்ப்பப்பை வாயிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். இன்று அதன் முடிவு.

பௌர்ணமிக் கூட்டம் என்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வெயிலில் நடந்து வந்தார்கள். வழி நெடுக அவன் போனில் மாமியார் ஜோதியம்மாளைத்தான் வறுத்தெடுத்துக்கொண்டு வந்தான். சீக்குக் குடும்பம் என்று சொல்ல அவன் வாய் என்றைக்குமே கூசியதில்லை.

டாக்டர் அருணாதேவி பொறுமையாகச் சொன்னார். இது தாய்வழியாக ரத்தத்தில் வருவதில்லை. ஆணும் பெண்ணும் சேரும்போது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவது. ஆணுக்குப் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் தெரியாது. ஆண்களுக்கென்று வழக்கமாக எடுக்கிற பரிசோதனையும் கிடையாது. முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, பல வருடம் சத்தமில்லாமல் இருந்து கர்ப்பப்பை வாயைக் கெடுத்துவிடும்.

கஸ்தூரிக்கு இன்னும் புற்றாக மாறவில்லை, சின்ன சிகிச்சையிலேயே சரியாகிவிடும் என்றார்.

சகாதேவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவளையும் வாரிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் டாக்டர் சொன்னது மெதுவாக உள்ளே இறங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதும், அங்கே ஒரு பெண்ணோடு பழகியதும் நினைவுக்கு வந்தன. யாரிடமும் சொன்னதில்லை. அவனே மறந்துவிட்ட விஷயம். முகம் வேர்த்தது.

யார் மேலும் பழி போட முடியாது, ஊரில் பாதிப் பேருக்கு இது வந்து போயிருக்கும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சரசுவையும் நேரத்தோடு பரிசோதித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியாக கஸ்தூரியைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க அக்கா வீட்டுக்காரர் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாரா? அப்படின்னா அந்தம்மாவையும் உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்தாச்சுங்க," என்றாள் கஸ்தூரி. "அது நான்தான்."

சகாதேவன் நிமிரவே இல்லை. சரசுவின் காரியத்தன்று, நோய்க்காரப் பெண்ணைத் தன் தலையில் கட்டிவிட்டதாக அவன் ஊர் நடுவில் சத்தம் போட்டான். ஜோதியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அந்தக் குற்றத்துக்கு ஈடாகத்தான் தன் இளையவளை அவனுக்குக் கொடுத்தாள்.