இன்றைய பாதை

தாஹா ஆறு மணிக்கு எழுந்தான். பல் விளக்கினான். டீ போட்டு, மாமியாருக்கு ஒரு டம்ளரில் ஊற்றி மூடி வைத்தான். வாசலுக்குப் போய்ப் பனி எவ்வளவு தூரம் மறைக்கிறது என்று பார்த்தான். எதிர்ச்சரிவுத் தேயிலையில் பாதிதான் தெரிந்தது.

வேன் ஓட்டும் பிராங்ளினைப் போனில் கூப்பிட்டான்.

"ரோடு எப்படிங்ணா?"

"கிளியரா இருக்குது தம்பி. பர்லியாறுகிட்ட மட்டும் மூடுபனி. லைட்டப் போட்டுட்டு வரச் சொல்லுங்க."

லேப்டாப்பைத் திறந்தான். ஜெகதளாவில் அவர்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். அதற்காக இணையப் பக்கம் ஒன்றை உருவாக்கியவள் அவன் மனைவி ஷமா. அதில் 'இன்றைய பாதை' என்று ஒரு பகுதி வைத்தாள். தினமும் காலையில் ஒரு பதிவு. மலைப்பாதையில் ஏதாவது மாறினால் உடனே இன்னொன்று. தங்க வருகிறவர்களுக்கென்று தொடங்கியது, போகப் போக மேட்டுப்பாளையம் டாக்சிக்காரர்களே அதைப் பார்த்துவிட்டு மலையேறும் அளவுக்கு ஆனது.

அவனுக்கும் அதை அவள்தான் கற்றுக்கொடுத்தாள். "கோடிங் கீடிங் ஒண்ணும் வேண்டாம். கட்டத்துல எழுதுங்க, நீல பட்டன அமுக்குங்க. ஊட்டு வாசல்ல போர்டு மாட்டற மாதிரிதான். பக்கத்துல இருக்கற சாம்பல் பட்டன் வரைவுக்கு. அதுல எழுதி வெச்சுக்கலாம், நம்ம கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும்."

'பாதை திறந்திருக்கிறது. பர்லியாறில் மூடுபனி' என்று எழுதினான். நீல பட்டனை அழுத்தினான். பிறகு ஷமாவின் போனை எடுத்தான். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். அதில் தங்கள் பக்கத்தைத் திறந்து, எழுதியது வந்திருக்கிறதா என்று பார்த்தான். வந்திருந்தது. மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தான்.

லேப்டாப் திரையின் ஓரத்தில், 'வரைவுகள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 1 என்று இருந்தது. அதை அவன் தொடவில்லை. நாற்பது நாளாகத் தொடவில்லை.

"எத்தன வாட்டிதான் பாப்பீங்க மாப்ள?" மாமியார் ராபியா டீ டம்ளரோடு பின்னால் நின்றாள். "ஹஜ்ரத்து பதினோரு மணிக்கு ஓத வந்துருவாரு. நெய்ச்சோத்துக்கு முந்திரி வாங்கியாந்தீங்களா?"

"வாங்கிட்டேன் மாமி."

"அவ இருந்திருந்தா, வறுக்கறப்பவே பாதியத் தின்னு தீத்திருப்பா."

இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். ராபியாவின் முகம்தான் முதலில் இறுகியது.

"நாப்பதாம் நாளும் அதுவுமா சொல்லக் கூடாது. ஆனா எனக்கு ஆற மாட்டேங்குது மாப்ள."

"விடுங்க மாமி."

"எப்படி விடறது? மண்ணு சரியுதுன்னு பிராங்ளின் சொன்னதும் பதறியடிச்சு உக்காந்து எழுதுனீங்க. 'யாரும் மேலே வர வேண்டாம்'னு இந்தப் பொட்டியில நானே படிச்சேன். அவளுக்குப் போன் போட்டீங்க, லைன் கெடைக்கல. மாடி ஒழுகுதுன்னு தார்ப்பாய் கட்டப் போனீங்க. நீங்க எறங்கி வர்றதுக்குள்ள..." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஊரே உங்க எழுத்தப் பாத்து நிக்குது. கட்டுனவ மட்டும் கேக்காம காரை எடுத்துட்டு ஏறிட்டா. மய்யத்துக்கு வந்தவங்க அத்தன பேரும் அதத்தான் சொன்னாங்க. பிடிவாதக்காரின்னு."

அவர்கள் சொன்னபோது அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் திறக்க முடியவில்லை.

முந்திரிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தான்.

"பெத்தவ மன்னிச்சாத்தான் அவளுக்கு அங்க நிம்மதிங்கறாங்க. வாயால மன்னிச்சுட்டேன். நெஞ்சு கேக்க மாட்டேங்குது. துஆவுக்குக் கையேந்துனா கோவந்தான் வருது. எம்மவளுக்கு எங்கிட்ட இருந்து ஒரு துஆ கூடப் போய்ச் சேரல மாப்ள."

அவன் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"கடைசியா ஏதோ பேசி அனுப்புனான்னீங்களே, மழை விட்டுருச்சு வர்றேன்னு. அழிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டீங்க. அந்தக் கொரலாவது எனக்கு மிச்சம் இருந்திருக்கலாம்."

"அழியல மாமி."

ராபியா நிமிர்ந்து பார்த்தாள்.

தாஹா லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். 'வரைவுகள்' பக்கத்தில் இருந்த அந்த ஒன்றைத் தொட்டான். 'பாதை மூடப்பட்டது. யாரும் மேலே வர வேண்டாம்' என்ற வரி திறந்தது.

"நீங்க அன்னிக்குப் படிச்சது இதானுங்களே?"

"இதேதான்."

"நீங்க மட்டுந்தான் மாமி படிச்சீங்க."

அவளுக்குப் புரியவில்லை. அவன் தன் போனை எடுத்து மேசை மேல் வைத்தான். நாற்பது நாளில் முதல் தடவையாக இன்னொருவர் முன்னால் அவள் அனுப்பிய குரல் பதிவை ஓடவிட்டான். முதலில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம். மேட்டுப்பாளையத்து டீக்கடை ஒன்றில் யாரோ சில்லறை கேட்டார்கள். அப்புறம் ஷமாவின் குரல் வந்தது.

"ஏனுங்க, மழையப் பாத்தா பயமா இருக்குது, இங்கயே தங்கிரலாம்னுதான் நெனச்சேன், ஆனா நம்ம பக்கத்துல பாதை திறந்திருக்குன்னு நீங்க போட்டிருக்கீங்க, அத நம்பிக் கெளம்பிட்டேனுங்க."