பன்னிரண்டாவது படிவம்

வாசகர்களே, இந்த அநீதிக்கு நீங்கள் சாட்சியாக இருங்கள்.

எங்கள் பிரிவில் பணியாற்றுவோர் பதினொருவர். 'வேலையில் திருப்தியா?' என்று கேட்டு நிர்வாகம் கொடுத்த படிவங்களும் பதினொன்றே. மாலையில் அவற்றைப் போட்ட பெட்டியைத் திறந்தபோது பன்னிரண்டு இருந்தன.

கூடுதலாக இருந்த அந்த ஒன்றைப் பார்த்ததும் தட்டச்சுக்கார அக்கா நாற்காலியில் அமர்ந்துவிட்டார். "இது நம்ம பதிவறை அண்ணன் கையெழுத்து சார். அவர் போய் ஒரு வருஷமாச்சு."

மேலாளர் சிரித்தார். "உயிரோட இருக்கற நீங்கதான் குறை சொல்றீங்க. அவரைப் பாருங்க, எல்லாத்துக்கும் 'மிக்க திருப்தி'. மேலிடத்துக்கு அனுப்பிடுங்கம்மா."

மேலாளர் 'கிளம்புங்க' என்று சொல்லும்வரை எவரும் எழக்கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் பதிவறைக்கு மட்டும் சொல்ல மறந்து போய்விட்டார். மறுநாள் காலையில் அண்ணன் தம் மேசையிலேயே இறந்து கிடந்தார்.

படிவத்தின் கடைசிக் கேள்வி 'உங்கள் தேவை என்ன?' என்பது. 'நான் இப்போது கிளம்பலாமா?' என்று அதற்கு எழுதியிருந்தார்.

பதினொருவரில் ஒருவரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நீங்களாவது இன்று மாலை உங்கள் அலுவலகத்தின் கடைசி அறைக் கதவைத் திறந்து பாருங்கள். அங்கே அமர்ந்திருப்பவர் எவராயினும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள்.